கிராகிரா ப்ரீக்யூர் ஆ லா மோட்: தொடரலாமா, விடலாமா?

நுங்குவண்டி

2017 பிப்ரவரி 5 முதல் 2018 ஜனவரி 28 வரை ஓடிய ப்ரீக்யூர் சீசன் (ப்ரீக்யூர் என்பது உருமாறி எதிரிகளோடு மோதும் பெண்பிள்ளைகளைப் பற்றிய ஜப்பானிய அனிமே வரிசை). மொத்தம் 49 எபிசோட். நாயகிகள் ஐந்து பேரும் சேர்ந்து கிராபாட்டி என்ற இனிப்புக் கடையை நடத்த ஆரம்பித்துவிட்ட கட்டத்தில் நிற்கிறேன். தொடக்கத்தில் இருந்த பிடிப்பு இப்போது தளர்வதுபோல் படுகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்:

சண்டை ஏன் இவ்வளவு மெத்தென்று இருக்கிறது? மற்ற ப்ரீக்யூர் சீசன்களில் இப்படி இல்லையே.

இனிப்புகளைச் செய்து காட்டுவது சரியான முறையா, வெறும் அலங்காரமா? அதைப் பார்த்து வீட்டில் செய்தால் வருமா?

பின்பாதி தேறுமா? இல்லை, இதை விட்டுவிட்டு இதே வரிசையில் 2022ல் வந்த டெலிஷியஸ் பார்ட்டிக்குப் போய்விடலாமா?

கதை உடையும் இடம் வந்தால் முதலிலேயே எச்சரித்துவிடுங்கள்.

ஞாயிறு_எட்டரை

சண்டை பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றதற்கு ஆட்கள் வருவார்கள்.

அது வேண்டுமென்றே செய்தது. இந்த சீசனில் குத்து, உதை கிடையாது என்று தயாரிப்புக் குழு முன்கூட்டியே முடிவெடுத்துவிட்டது. 2004ல் வந்த முதல் ப்ரீக்யூரை இயக்கிய நிஷியோ டைசுகே, டிராகன் பால் இசட் இயக்கியவர். பெண்பிள்ளைகளுக்கும் இறங்கி மோத ஆசை இருக்கும் என்பதுதான் அந்தத் தொடரின் அஸ்திவாரம். குத்து விழும், சுவர் பெயரும், விழுந்த இடத்தில் பள்ளம் ஆகும். அந்தக் கணக்கோடு 2017க்கு வந்தால் சப்பென்றுதான் இருக்கும். இங்கே இனிப்பில் இருக்கும் கிராகிராரு என்ற சக்தியைக் கிரீம் மாதிரி வீசுகிறார்கள். அது எதிரியைச் சுற்றிக்கொள்கிறது, கட்டுகிறது, வழுக்கவிடுகிறது.

வரைகலையில் ஓர் அடிக்குக் கனம் வர மூன்று காரியம் நடக்க வேண்டும். அடிக்கும் முன் உடம்பு பின்னுக்குப் போக வேண்டும். பட்ட கணத்தில் படம் ஒரு நொடித் துண்டு உறைய வேண்டும். பட்டவர் தூரப் போய் விழ வேண்டும். கிரீம் வீசுவதில் மூன்றுக்குமே இடம் இல்லை. அதனால் எதிரி எவ்வளவு பெரியவன் என்பதே நமக்கு உறைப்பதில்லை. கூடவே, ஒவ்வொரு வாரமும் முடிக்கும் தாக்குதல் ஒரே காட்சிதான், ஏற்கெனவே வரைந்து வைத்ததை மறுபடி போடுவார்கள். நடுவில் நல்ல மோதல் இருந்தால் அது உறுத்தாது. இங்கே நடுவும் மென்மை, முடிவும் பழசு.

அதற்காக ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். மோதலாகப் பார்க்காமல் ஓட்டமாகப் பாருங்கள். உருமாறிய பிறகு விப்பின் (இச்சிகா) முயல் தாவல், கஸ்டர்டின் (ஹிமாரி) அணில் வேகம், அலட்டிக்கொள்ளாமல் திரும்பும் மக்காரோனின் (யுகாரி) பூனை நடை, இவற்றைத் தனித்தனியாக வரைந்திருக்கிறார்கள். உருமாறும் காட்சியில் கிண்ணத்தில் கலக்குவதுபோல் "லெட்ஸ் லா மாசேமாசே" என்று சொல்லிக் கலக்கி, அந்தக் கிரீமே உடையாக மாறுவது இந்த வரிசையிலேயே நல்ல வேலைப்பாடு.

பாகுபதம்

இரண்டாவது கேள்விக்குப் பதில் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த சீசனின் பலமும் அதுதான், கைவிட்டதும் அதைத்தான்.

முதல் ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு இனிப்பு. அதை அவரவர் சுபாவத்துக்குப் பொருத்தியிருக்கிறார்கள். நிறமோ சுவையோ அல்ல இங்கே கணக்கு. அந்தப் பண்டம் எந்த இடத்தில் கெடுமோ, அதைப் பார்த்துப் பொருத்தியிருக்கிறார்கள்.

இச்சிகாவுக்கு ஷார்ட்கேக். வெளிநாட்டில் மருத்துவராக இருக்கும் அம்மா ஊருக்கு வருகிறார் என்று செய்யப் போகிறாள், ஸ்பாஞ்ச் எழும்புவதில்லை. அவசரக்காரிக்குச் சரியான தண்டனை. 18 செ.மீ. அச்சுக்கு முட்டை 3, சர்க்கரை 90 கிராம், மைதா 90 கிராம், உருக்கிய வெண்ணெய் 30 கிராம். இதில் பேக்கிங் பவுடர் கிடையாது, எழும்புவது முழுக்க முட்டையில் பிடித்த காற்றால். முட்டையையும் சர்க்கரையையும் வெந்நீர்க் கிண்ணத்தின் மேல் 40 டிகிரி வரை வெதுவெதுப்பாக்கி, மேலே எடுத்து ஊற்றினால் நாடா மாதிரி மடிந்து சில நொடி நிற்கும் வரை அடிக்க வேண்டும். மைதாவைச் சலித்துப் போட்டு அடியிலிருந்து மேலாக மடிக்க வேண்டும். சுற்றிச் சுற்றிக் கலக்கினால் காற்று போய்விடும், அடை மாதிரி படுத்துவிடும். 170 டிகிரியில் சுமார் அரை மணி. ஜப்பானில் கேக்குக்குப் போடும் மாவில் புரதம் குறைவு. நம்மூர் மைதாவில் செய்தால் 10 கிராமை எடுத்துவிட்டு அந்த அளவு சோளமாவு சேருங்கள். மேலே பூசும் கிரீமுக்கு 35 சதவீதக் கொழுப்பாவது வேண்டும். பொட்டலத்தில் வரும் 25 சதவீத ஃபிரெஷ் கிரீமை எவ்வளவு அடித்தாலும் நிற்காது.

ஹிமாரிக்கு புட்டிங். கூச்ச சுபாவம், ஆனால் இனிப்பு பற்றிப் பேச்செடுத்தால் "ஸ்வீட்ஸ் என்றால் அறிவியல்" என்று நிறுத்தாமல் கொட்டுவாள். புட்டிங் உண்மையிலேயே வெப்பநிலைப் பரீட்சைதான். பால் 400 மி.லி., முட்டை 3, சர்க்கரை 70 கிராம். பாலைக் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொஞ்சம் மேலே, 60 டிகிரி அளவில் காய்ச்சி முட்டையில் மெல்ல ஊற்றி வடிகட்ட வேண்டும். இந்தக் கலவை 80 டிகிரியை ஒட்டி இறுகும். 90ஐத் தாண்டினால் உள்ளே ஆவிக் குமிழ் கிளம்பிச் சின்னச் சின்ன ஓட்டை விழும், முட்டை வாடை தூக்கும்.

அவோய்க்கு ஐஸ்கிரீம். பாட்டுக்குழுவில் கத்திப் பாடும் பெண். ஐஸ்கிரீமும் உறையும்போது விடாமல் கிளறினால்தான் உருப்படும். நிறுத்தினால் படிகம் பெரிதாகி நறநறவென்று இருக்கும். மெஷின் இல்லாவிட்டால் ஐஸ் மூன்று பங்கு, கல்லுப்பு ஒரு பங்கு. உப்பு ஐஸை உருக வைக்கும்போது சுற்றியுள்ள வெப்பத்தை இழுத்துக்கொள்ளும், மைனஸ் 20ஐ ஒட்டி இறங்கும்.

யுகாரிக்கு மக்காரோன் கொடுத்ததுதான் எல்லாவற்றிலும் கெட்டிக்காரத்தனம். எதைத் தொட்டாலும் உடனே வந்துவிடுவதால் எதிலும் சலித்துப்போனவள். மக்காரோன் மட்டும் அவள் சொன்னபடி கேட்பதில்லை, அதனாலேயே பிடித்துப்போகிறது. பாதாம் தூளும் ஐசிங் சர்க்கரையும் அடித்த வெள்ளைக் கருவில் சேரும்போது நுரையைக் கொஞ்சம் உடைக்க வேண்டும், ரொம்ப உடைக்கக் கூடாது. குறைவாகக் கலந்தால் மேலே கூம்பு நிற்கும், கூடினால் தட்டில் ஓடும். பிழிந்த பிறகு தொட்டால் விரலில் ஒட்டாத அளவுக்குக் காய வைக்க வேண்டும், பொதுவாக 30 முதல் 60 நிமிடம். அந்த மேல்தோல் இருந்தால்தான் நீராவி மேலே கிழிக்காமல் அடியில் விளிம்பாக வெளியே வரும். கடலோர ஊர்களில் மழை நாளில் முயலவே வேண்டாம். ஏசி அறை அல்லது மின்விசிறி. 150 டிகிரி, 13 முதல் 15 நிமிடம்.

அகிராவுக்குச் சாக்லேட். நோயாளித் தங்கை மிக்குவுக்காகவே எல்லாம் செய்பவள். டார்க் சாக்லேட்டை 45 முதல் 50 டிகிரிக்கு உருக்கி, 27, 28க்கு இறக்கி, மறுபடி 31, 32க்கு ஏற்ற வேண்டும். இந்த வரிசை தப்பினால் பளபளப்பு போகும், வெள்ளைப் பூ பூக்கும், கையிலேயே உருகும். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் மொத்தமும் மண் மாதிரி திரிந்துவிடும்.

இத்தனை வேலைப்பாடு முதல் சில வாரங்களில் கதைக்குள்ளேயே ஓடுகிறது: பண்டம் கெடுகிறது, ஏன் கெட்டது என்று ஒருத்தி சொல்கிறாள், அது அவள் குணத்தையும் காட்டிவிடுகிறது. பிறகு? விலங்கு முகம்தான் மிச்சம். எந்த இனிப்பானாலும் காது வைத்து, கண் வரைந்து, அரை நிமிடப் பாட்டில் முடித்துவிடுகிறார்கள். யாருக்கும் எதுவும் தீய்வதில்லை. நீங்கள் சொன்ன தளர்ச்சி இங்கிருந்துதான் வருகிறது என்பது என் கட்சி. செய்முறையை நேரடிப் படமாகக் காட்டும் தனிச் சிறு பகுதி ஒன்றும் வைத்திருந்தார்கள். அது குழந்தைகளுக்கானது, அளவு தேடி அதற்குப் போகாதீர்கள்.

நுங்குவண்டி

அருமை. புட்டிங்கை ஓவன் இல்லாமல் இட்லிப் பானையில் செய்யலாமா?

பாகுபதம்

தாராளமா. இரண்டு விஷயம் கவனிங்க. மூடியை ஒரு துணியில் கட்டுங்க, இல்லாட்டி ஆவி சொட்டி மேல் பரப்பு குழி குழியா ஆயிடும். தண்ணி கொதிச்சதும் அடுப்பைச் சிம்முக்கு இறக்கி, மூடிய ஓரமா ஒரு ஸ்பூன் அளவு திறந்து வைங்க. பானைக்குள்ள 100 டிகிரி நின்னா ஓட்டை உறுதி. சின்னக் கிண்ணம்னா 12லேருந்து 15 நிமிஷம். ஆட்டினா நடுவுல மட்டும் லேசா அசையணும், அப்ப அணைச்சுட்டு 10 நிமிஷம் அப்படியே விட்டுருங்க. கேரமலுக்கு 60 கிராம் சர்க்கரை, ஒரு மேசைக்கரண்டி தண்ணி. அடர் பழுப்பு வந்ததும் வெந்நீர் ஒரு கரண்டி விட்டு நிறுத்துங்க, தெறிக்கும், தள்ளி நில்லுங்க. வெளிர் நிறத்துலயே நிறுத்தினா வெறும் சர்க்கரைத் தண்ணிதான்.

கிழக்குஜன்னல்

பாகுபதம் சொன்னதில் பாதிக்கு உடன்படுகிறேன். செய்முறை பின்வாங்கியது உண்மை. ஆனால் அதற்குப் பதிலாக வந்ததும் வீண் இல்லை. கீழே கதை உடையும்.

நடுப்பகுதியில் வரும் சியல், பேர்பெற்ற இனிப்புக் கலைஞர். உண்மையில் கிராரின் என்ற தேவதை. எதிரியாக வந்த ஜூலியோ அவளுடைய இரட்டைத் தம்பி பிகாரியோ. தன்னைவிடத் திறமைசாலியான கூடப்பிறந்தவளுக்குப் பக்கத்தில் நின்று கருகியவன். அவனை எதிரியாக்கியது பேராசை இல்லை, அந்தப் பொருமல்தான். 22, 23ஆம் எபிசோட்களில் அவன் குறுக்கே விழுந்து காப்பாற்ற, அவள் க்யூர் பர்ஃபே என்ற ஆறாவது ப்ரீக்யூர் ஆகிறாள். சண்டை மென்மை என்ற குறை அங்கே பெரிதாகத் தெரியாது, ஏனென்றால் அங்கே யார் ஜெயிப்பார்கள் என்பது கேள்வியே இல்லை. எப்படியும் அதுவரை பார்த்துவிடுங்கள்.

அதற்குப் பிறகு மேடு பள்ளம். எதிரிப் பக்கத்துப் பிபுரி, "இரு" என்ற பெயருள்ள தன் பொம்மையோடு வரும் பகுதி தேவலை; தனிமைதான் அவளை அந்தப் பக்கம் கொண்டுபோனது என்பது நம்பும்படி இருக்கிறது. க்ளேவ், டியாபிள் என்ற எதிரிகள் இருவரும் இடம் நிரப்ப வந்தவர்கள். தலைமை எதிரி நோவாருக்கும் அந்தக் காலத்து இனிப்புக் கலைஞர் லூமியேருக்கும் நடந்த பழைய கதை ரொம்பத் தாமதமாக வருவதால், நோவார் நெடுநாள் வெறும் நிழலாகவே இருக்கிறார். நடுநடுவே புதுக் கருவி, புது உருவம் என்று வரும் வாரங்களில் பொம்மைக் கடை வாசனை பலமாக அடிக்கும். ப்ரீக்யூருக்கு இது புதிதில்லை, இருந்தாலும் ஆ லா மோட் ஸ்டைல் என்ற புது உருவம் வரும் வாரங்களில் கதை நின்று வழிவிடுகிறது.

ஆறு பேரில் நல்ல பங்கு கிடைத்தது அவோய்க்கு. பெரிய வணிகக் குடும்பத்தின் வாரிசு, ஆனால் வைல்ட் அஜூர் குழுவில் பாடவேண்டும் என்கிறாள். இந்த இழுபறி கடைசிவரை வளர்கிறது. மோசமாகப் போனது அகிராவுக்கு. தங்கை மிக்குவை எடுத்துவிட்டால் அவளுக்கென்று எதுவும் மிஞ்சாது. யுகாரியோடு சேரும் எபிசோட்களில் மட்டும் உயிர் வருகிறது.

47ல் குட்டித் தேவதை பெகோரினுக்கும் ப்ரீக்யூர் சக்தி கிடைப்பதும் 48ல் உலகத்தையே கிண்ணத்தில் போட்டுக் கலக்குவதுபோல் முடிப்பதும் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் அடிக்க மாட்டோம் என்று முதல் நாள் சொன்னதற்குக் கடைசி நாளும் உண்மையாக இருந்தார்கள். அந்த ஒன்றுக்காக எனக்கு இந்த சீசன் மேல் மதிப்பு.

ஏழாம்சுவை

டெலிஷியஸ் பார்ட்டி பற்றி யாரும் பேசல, நான் பேசறேன். சாப்பாட்டு சீசன்னு ரெண்டையும் ஒரே தட்டுல வைக்காதீங்க. ஆ லா மோட் செய்யறதைப் பத்தினது, டெலிஷியஸ் பார்ட்டி சாப்பிடறதைப் பத்தினது. அங்க எதிரி கூட்டம் ரெசிபிப்பிங்கற உணவுத் தேவதைகளைத் திருடினா அந்த உணவோட ருசியே மாறிடும். ஒரு கடைக்கோ ஒரு குடும்பத்துக்கோ சொந்தமான ருசி போச்சுன்னா என்ன ஆகும்ங்கறதுதான் பயம். யுய்க்கு சோறு, கொகோனேக்கு ரொட்டி, ரானுக்கு நூடுல்ஸ், அமானேக்கு இனிப்பு. ரான் வீட்டுக் கடை பாண்டாகென்ல கிண்ணத்துல ஆவி பறக்க வரையறதைப் பார்த்தாலே பசிக்கும்.

சண்டை வேணும்னா அதுல இருக்கு. யுய் உருமாறின க்யூர் ப்ரெஷியஸ் "500 கிலோகலோரி பஞ்ச்"னு கத்திட்டு நேரா குத்துவா, நல்லாவே விழும். ஸ்பைசி (கொகோனே) ரெண்டு ரொட்டித் துண்டுக்கு நடுவுல எதிரியை சாண்ட்விச் ஆக்குவா.

குறை என்னன்னா, யுய் ஆரம்பத்துலேயே முழுசா நல்லவ. சறுக்கற இடமே ரொம்ப நாள் வரல. எதுக்கெடுத்தாலும் பாட்டி சொன்ன வாக்கியம் ஒண்ணு. யுய்யோட சின்ன வயசு நண்பன் தாகுமியோட பிளாக் பெப்பர் வேஷத்தை மத்தவங்ககிட்டேருந்து மறைச்சு மறைச்சு இழுத்தாங்க, அதுக்கேத்த பலன் கிடைக்கல. எதிரிப் பக்கத்துல ஜென்டிலு கதை ஒண்ணுதான் உருப்படி.

வேகம் தடுமாறினதுக்கு இன்னொரு காரணம் கதாசிரியர் கையில இல்ல. 2022 மார்ச்சுல இதைத் தயாரிக்கற டோயீ அனிமேஷன் கணினி வலைப்பின்னல்ல யாரோ ஊடுருவி, வேலை நின்னுபோச்சு. ஒன் பீஸ் உட்பட பல தொடர் நின்னுச்சு. டெலிஷியஸ் பார்ட்டி பழைய எபிசோடையே மறுபடி போட்டு, ஏப்ரல் 17லதான் புதுசு வந்துச்சு. 45 எபிசோடோட முடிஞ்சுது. வழக்கமா கிடைக்கற இடத்துல நாலஞ்சு வாரம் குறைஞ்சா, முதல்ல வெட்டுப்படறது பக்கப் பாத்திரங்கதான்.

ஞாயிறு_எட்டரை

எபிசோட் குறைந்ததை எல்லாவற்றுக்கும் சாக்காகச் சொல்ல முடியாது. யுய்யின் குறை முதல் மாதத்திலேயே தெரிகிறது, அப்போது எதுவும் நிற்கவில்லை. மற்றதில் மறுப்பு இல்லை.

நுங்குவண்டி, வரிசை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: ஆ லா மோட்டில் 23 வரை விடாமல். அதற்குப் பிறகு அவோய், யுகாரி, பிபுரி பெயர் வரும் எபிசோட்களும் 44க்கு மேல் எல்லாமும். நடுவே புதுக் கருவி அறிமுகமாகும் வாரங்களில் முதல் பத்து நிமிடம் போதும். அக்டோபர் 2017ல் வந்த படம் பாரிஸில் நடக்கிறது, சியலின் குருவைப் பற்றியது. 23க்கு முன்னால் அதைத் தொடாதீர்கள்.

நுங்குவண்டி

சரி, 23 வரை போகிறேன். பாகுபதம், 400 மி.லி. பாலுக்கு எத்தனை கிண்ணம் வரும்?

பாகுபதம்

100 மி.லி. கிண்ணத்துல ஏழெட்டு. முழுசா நிரப்பாதீங்க, விரல் அகலம் காலி விடுங்க.