பாமினி எழுத்துருவில் உள்ள பாடக் குறிப்புகள்: திரைவாசிப்பானுக்கு ஏற்ப மாற்றுவது எப்படி?

துறை இணையதளத்தில் உள்ள பழைய தமிழ்ப் பாடக் குறிப்புகளைப் பார்வையற்ற மாணவர்களும் படிக்கும்படி மாற்ற வேண்டும். இலக்கு டபிள்யூசிஏஜி 2.1 (இணைய உள்ளடக்கத்தை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்துவதற்கான வழிகாட்டு நெறிகள்), அதில் ஏஏ என்ற நடு நிலை. எல்லாமே பிடிஎஃப், மூலக் கோப்புகள் கிடையாது. பெரும்பாலும் பாமினியில் தட்டச்சு செய்தவை. திரையில் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்து. திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் என்விடிஏ மென்பொருள் அதைத்தான் வாசிக்கிறது, கேட்கவே முடியவில்லை.

பாமினி எழுத்தைப் பொதுத் தரமான யூனிகோடு தமிழாக்கும் மாற்றியில் போட்டேன். பத்திகள் சரியாக வந்தன. ஆனால் இடையில் வரும் ஆங்கிலச் சொற்களையும் தமிழாக்கிக் குழப்பிவிட்டது. தலைப்பு, அட்டவணை அமைப்பும் போச்சு. அப்புறம் பக்கங்களைப் படமாக்கி படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் டெசராக்ட் ஓசிஆர் மென்பொருளில் கொடுத்தேன். எழுத்து பரவாயில்லை, அட்டவணைகள்தான் வரிசை கலைந்து வருகின்றன.

அடுத்த பருவம் தொடங்குமுன் முடித்தாக வேண்டும். பிடிஎஃப்பிலேயே தலைப்பு எது, அட்டவணை எது என்று திரைவாசிப்பானுக்குக் காட்டும் குறிச்சொற்கள் சேர்த்துச் சரிசெய்வதா, மொத்தமாக எச்டிஎம்எல் பக்கங்களாக மாற்றுவதா? செய்து பார்த்தவர்கள் எதைச் சொல்வீர்கள்?