ஹட்டன்லேர்ந்து கிளிநொச்சிக்கு ராவோட ராவா கார்ல போயிரலாமா?

டிக்கோயாக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். ஆவணி கடைசி ஞாயித்துக்கிழமை கிளிநொச்சியில எங்க சித்தப்பா மகளுக்கு கல்யாணம், முகூர்த்தம் காலையில 9.10. சித்தப்பா குடும்பம் 1977ல தமிழருக்கு எதிரா நடந்த கலவரத்துக்குப் பொறகு தேயிலத் தோட்டத்த விட்டுட்டு அங்கிட்டு போயி காடு வெட்டி குடியேறுனவங்க, எங்கம்மா அந்த வீட்டுக்கு இதுவரைக்கும் ரெண்டே ரெண்டு தடவதான் போயிருக்காங்க, ரெண்டுமே பஸ்ஸுல. இந்தத் தடவ நம்ம வேகன்ஆர்லயே கூட்டிட்டு போறேன்னு வாய விட்டுட்டேன்.

சனிக்கிழமை கடையில வேல முடியவே ராத்திரி ஒம்பது ஆகும். பத்து மணிக்கு ஹட்டன விட்டா மேப்புல எட்டு மணித்தியாலம் காட்டுது, விடிய ஆறு மணிக்கு போயி குளிச்சிட்டு மண்டபத்துக்கு போயிரலாம், சாப்பிட்டு கையோட திரும்பிட்டா திங்கக்கிழமை கடை தொறக்கவும் சரியா இருக்கும். ஓட்டுறது நான் மட்டுந்தான், வீட்டுக்காரிக்கு லைசன் இல்ல. அம்மாவுக்கு 68 வயசு, சீனி வருத்தம், காலையிலயும் ராவுக்கும் ஊசி. பிள்ளைங்க ரெண்டு, பெரியவனுக்கு ஒம்பது, சின்னவளுக்கு நாலு, அவ கினிகத்தேன பெண்டுக்கே வாந்தி எடுப்பா. நான் ஓட்டுனதுல ஆகக்கூடின தூரம் கொழும்புதான். ராத்திரியில ரோடு காலியா கெடக்கும் ஏசி கூட போடத் தேவையில்லன்னு கூட்டாளிங்க சொல்றாங்க. போனவங்க சொல்லுங்க.

மரக்கறி லொறி:

தம்பி, நான் நுவரெலியாலேர்ந்து தம்புள்ளைக்கு மரக்கறி ஏத்துறவன், பதினாறு வருசமா ராத்திரி ஓட்டந்தான். அதனாலதான் சொல்றேன், ராத்திரி போகாத. நான் பகல்ல கதவ சாத்திட்டு தூங்கிட்டு ராத்திரி ஏறுறவன், நீ காலையில அஞ்சுக்கு எந்திரிச்சி நாள் முழுக்க கடையில நின்னுட்டு ஏறப்போற ஆளு. அஞ்சுலேர்ந்து பத்து வரைக்கும் எண்ணிப் பாரு, 17 மணித்தியாலம். அவ்வளவு நேரம் முழிச்சிருந்தவன் கையும் கண்ணும் ரத்தத்துல 0.05 வீதம் சாராயம் உள்ளவன் மாதிரித்தான் வேல செய்யும்னு சோதிச்சிப் பாத்து எழுதியிருக்காங்க. நீ ஒரு சொட்டு குடிக்காமலே அந்த நெலமையிலதான் சாவியவே திருப்புற, அதுக்கு மேல இன்னும் எட்டு மணித்தியாலம் இருக்கு.

இன்னொன்னு, புதுசா தூரம் ஓட்டுறவங்க எல்லாரும் மலைய நெனச்சித்தான் பயப்படுறாங்க. மலையில தூக்கம் வராது தம்பி. வட்டவளை மழையும் மூட்டமும் பெண்டும் ஒன்னய கண்ண சிமிட்ட விடாது, கையி ரெண்டும் ஸ்டியரிங்க இறுக்கிப் பிடிச்சே இருக்கும். கம்பளை, பேராதனை, கண்டி டவுன், அக்குறணை, மாத்தளைன்னு ஏதாவது ஒன்னு வந்துகிட்டே இருக்கும். தம்புள்ளைய தாண்டுன ஒடனதான் ரோடு நேரா நீளும், அப்பாடா மலை முடிஞ்சிச்சின்னு ஒடம்பு தளரும், அங்கதான் ஆளு விழுவான். நீ பத்துக்கு கெளம்புனா தம்புள்ளை தாண்ட சரியா ரெண்டு மணி. ராத்திரி ரெண்டுக்கும் விடிய அஞ்சுக்கும் நடுவுல மனுசன் ஒடம்பு தானா அணையப் பாக்கும், அந்த நேரத்துக்குத்தான் ஒனக்கு அந்த நேர் ரோடு மாட்டுது.

எனக்கு நடந்தது சொல்றேன். லொறியில இல்ல, சொந்த வேன்ல, வவுனியாவுல ஒரு சாவு வீட்டுக்கு போயிட்டு அன்னைக்கே திரும்புறேன், கெக்கிராவைக்கு கிட்ட. கண்ண மூடுனது எனக்குத் தெரியாது. இடது பக்க டயரு ரெண்டும் தார விட்டு எறங்கி கல்லுல கடகடன்னு அடிச்ச சத்தத்துலதான் முழிச்சேன், லைட்டு வெளிச்சத்துல மதகு கட்டோட வெள்ள சுண்ணாம்பு மட்டும் பெருசா தெரியுது. எப்படி வெட்டுனேன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. பக்கத்து சீட்டுல இருந்த மச்சான் தூக்கம் கலையாமலே என்னா குழியான்னு கேட்டான், ஆமாடா குழின்னேன். 60ல போனா ஒரு செக்கனுக்கு 17 மீட்டர், நாலு செக்கன் கண்ண மூடுனா ஆறு பஸ்ஸ வரிசையா நிப்பாட்டுன தூரம், அவ்வளவும் வண்டிய ஓட்ட ஆளு இல்லாம போகுது.

சனிக்கிழமை லீவு கேளு. வெள்ளிக்கிழமை ஒம்பதுக்கெல்லாம் படுத்துட்டு சனிக்கிழமை விடிய நாலரைக்கு எறங்கு.

நைட்ரைடர்:

அண்ணே ரொம்ப பயமுறுத்தாதீங்க. நாங்க நாலு பேரு நல்லூர் தேருக்கு ராத்திரியோட ராத்திரியா போயிட்டு மறுநாளே வந்தோம், ஒன்னும் ஆகல. பாட்ட சத்தமா போட்டு கண்ணாடிய எறக்கி விட்டா தூக்கம் எங்க வரும்? ரெட்புல் ரெண்டு வாங்கி வச்சிக்கங்க டிக்கோயா அண்ணே.

மரக்கறி லொறி:

நாலு பேருல ஓட்டத் தெரிஞ்சவங்க எத்தன பேரு தம்பி? மாறி மாறி ஓட்டுனா அது வேற கத, இவரு ஒத்த ஆளு. பாட்டும் காத்தும் ஒரு பத்து நிமிசத்துக்கு ஏமாத்தும், அவ்வளவுதான். நீ சொல்ற ரெட்புல்லும் சரி கோப்பியும் சரி குடிச்ச ஒடன வேல செய்யாது, இருபது முப்பது நிமிசம் எடுக்கும். நாங்க செய்யிறது என்னன்னா, வெளிச்சமா ஆளு நடமாட்டம் உள்ள எடத்துல நிப்பாட்டி சாயம் தூக்கலா ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு ஒடனே போன்ல இருபது நிமிசத்துக்கு அலாரம் வச்சி சீட்ட சாய்ச்சி படுத்துர்றது. எந்திரிக்கிற நேரம் தேத்தண்ணியும் வேலைய தொடங்கியிருக்கும். அதுக்கு மேல ஆழமா தூங்கிட்டு எந்திரிச்சா தல கிறுகிறுன்னு இருக்கும், கொஞ்ச நேரம் நடக்காம ஸ்டியரிங்ல கைய வைக்கக் கூடாது.

பசறை டீச்சர்:

தம்பி, ரெண்டு பேரும் ஓட்டுறவர பத்தியே பேசுறீங்க, பின் சீட்டுல இருக்கிற மூனு பேர பத்தி யாருமே பேசல, வாந்தியெடுத்த பிள்ள அழுகுற சத்தத்துல எந்த டிரைவருக்கு கவனம் நிக்கும்? நான் ரெண்டு பிள்ளைங்களையும் மாமியையும் வச்சிக்கிட்டு பதுளை ரோட்டுல அலைஞ்சவ, எனக்குத் தெரிஞ்சத சொல்றேன்.

சின்னவளுக்கு கெளம்ப முன்னாடி பால் குடுக்காதீங்க, வெறும் வயிறும் வேணாம், ரெண்டு கிரீம் கிரேக்கர் போதும். போன குடுத்து குனிஞ்சி பாக்க வைக்கவே கூடாது, முன்னுக்கு ரோட்ட பாக்குற மாதிரி நடு சீட்டுல வச்சி பெல்ட்ட போட்டு விடுங்க. மலைய எறங்குறப்ப காது அடைக்கும், பிள்ளைக்கு அது வலின்னு சொல்லத் தெரியாது, சும்மா சிணுங்கும், வாயில ஒரு டொஃபி போட்டா முழுங்க முழுங்க சரியாயிரும். பொலித்தீன் பேக்க டிக்கியில வச்சிட்டு போயிராதீங்க, கைக்கு எட்டுற எடத்துல இருக்கணும், நான் பட்டிருக்கேன்.

அம்மா விசயம்தான் முக்கியம். ஊசி போடுறவங்க சாப்பாட்டு நேரம் தப்பக்கூடாது. ஊசி போட்ட பொறகு இந்தா அடுத்த டவுன்ல சாப்பிடலாம் அடுத்த டவுன்ல சாப்பிடலாம்னு இழுத்தீங்கன்னா சீனி எறங்கி வேர்த்து நடுங்க ஆரம்பிச்சிரும், அதுக்கு கையில குளுக்கோஸோ இனிப்போ இருக்கணும். நாலரைக்கு வீட்டுல ஊசிய போட்டுட்டு வெறும் வயித்தோட ஏத்திராதீங்க, கண்டியிலயோ மாத்தளையிலயோ நிப்பாட்டி சாப்பாடு முன்னுக்கு வந்த பொறகு போடலாமான்னு கிளினிக்ல ஒரு வார்த்தை கேட்டு வச்சிக்கங்க. ஊசி மருந்த டேஷ்போட்டுல வைக்காதீங்க, தம்புள்ளைக்கு கீழ வெயில்ல அது வெந்துரும். ஒன்றரை ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா எறக்கி அஞ்சு நிமிசம் நடக்க விடுங்க, இல்லாட்டி கால் வீங்கி கல்யாண வீட்டுல செருப்பே போட முடியாது. டொய்லட்டுக்கு எறங்கணுமேன்னு வயசானவங்க தண்ணியே குடிக்க மாட்டாங்க, கேட்டா தாகமே இல்லன்னுவாங்க, நம்பாதீங்க. பெரிய பெற்றோல் செட் கண்ட எடத்துல எல்லாம் நீங்களே நிப்பாட்டிருங்க.

வன்னி மலையான்:

வணக்கம் அண்ணை, நான் கிளிநொச்சிதான். எங்கட அப்பப்பாவும் உங்கட சித்தப்பா மாதிரித்தான், 77ல புசல்லாவையில இருந்து வந்தவர். இஞ்சால பக்கத்து நிலைமைய நான் சொல்லுறன்.

வவுனியாவில இருந்து கிளிநொச்சி 80 கிலோமீட்டர் கிட்ட, ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம் எண்டு ஏ9 நல்ல ரோட்டு, ஆனா ரோட்டு நல்லது எண்டதுதான் பிரச்சினை. ராவில மாடுகள் தார்ச் சூட்டுக்கு நடு ரோட்டில வந்து படுத்திருக்கும், கறுத்த மாடு கறுத்த ரோட்டில கிட்டப் போகும் வரைக்கும் தெரியாது. யானையும் சில இடத்தில வெளிக்கிடும், பொழுதுபட முன்னம் வந்து சேருறது நல்லம். பகல்ல எண்டா பொலிஸ் ஸ்பீட் பாத்துக்கொண்டு நிப்பாங்கள், ஊர்மனைக்குள்ள 50, வெளியில 70, அதுக்கு மேல மிதிக்காதேங்கோ. ஆவணியில இஞ்ச மேற்கால வீசுற கச்சான் காத்து, வெளியான இடங்களில சின்னக் கார ஒரு பக்கமா தள்ளும், உங்கட வேகன்ஆர் உயரமும் கூட, ரெண்டு கையாலயும் பிடிச்சு ஓட்டுங்கோ.

இன்னொண்டு ஒருத்தரும் யோசிக்கிறேல்ல. காலமை வடக்க பாத்து வரேக்க வெயில் கிழக்கால, அது டிரைவர் பக்கம். பின்னேரம் தெற்க பாத்து திரும்பினா வெயில் மேற்கால, அதுவும் டிரைவர் பக்கம். போக வர ரெண்டு தரமும் உங்கட வலது கைதான் வேகும், ஒரு துவாய கண்ணாடியில செருகி விடுங்கோ, ஆனா சைட் கண்ணாடிய மறைக்காமல்.

முறிகண்டியில எல்லா வாகனமும் நிக்கும், நீங்களும் நில்லுங்கோ. பிள்ளையாருக்கு ஒரு தேங்காய அடிச்சுப்போட்டு கச்சானும் வாங்கி வரலாம், அதில இருந்து கிளிநொச்சி கிட்டத்தான்.

டிக்கோயாக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. மொதலாளிகிட்ட கேட்டேன், மூஞ்ச தூக்குனாரு, வர்ற பௌர்ணமி போயா லீவுக்கு நான் வந்து ஸ்டொக் எடுத்துத் தர்றேன்னதும் சனிக்கிழமைய குடுத்துட்டாரு. இப்ப கணக்கு இப்படி: விடிய நாலரைக்கு எறங்கி ஏழு மணிக்கு கண்டி, சாப்பாடு அரை மணித்தியாலம், ஒம்பதரைக்கு தம்புள்ளை, அங்க ஒரு அரை மணித்தியாலம், பன்னெண்டு பன்னெண்டரைக்கு வவுனியா, பகல் சாப்பிட்டு நல்லா கால நீட்டிட்டு கெளம்பி மூனு மணிக்கு சித்தப்பா வீடு. மேப்பு சொன்ன எட்டு மணித்தியாலம் பத்தரை ஆகுது. ஞாயித்துக்கிழமை சாப்பிட்ட கையோட திரும்பிரவா?

மரக்கறி லொறி:

கணக்கு சரி. இனிமே கிலோமீட்டர பாக்காத, மணித்தியாலத்த மட்டும் பாரு, ஹட்டன்லேர்ந்து கண்டி வெறும் 70 சொச்சம் கிலோமீட்டருதான், வவுனியாலேர்ந்து கிளிநொச்சியும் கிட்டத்தட்ட அவ்வளவுதான், ஆனா மொதல்லதுக்கு ரெண்டரை, மத்ததுக்கு ஒன்னரை போதும்.

திரும்பி வர்றதுலதான் நீ தப்பு பண்ணப்போற. கல்யாண வீட்டுல முதல் நாள் ராத்திரி யாரும் தூங்க மாட்டாங்க, பகல் பந்தியில வடையும் பாயாசமும் வெட்டிட்டு ரெண்டு மணிக்கு ஏறுனா அதுவும் ஒடம்பு அசர்ற நேரந்தான். அப்படியே ஓட்டிட்டு வந்தாலும் கண்டிக்கு வரவே எட்டு ஆயிரும், கடைசியில கினிகத்தேன ஏத்தத்த ராத்திரியில மூட்டத்துல அசதியோட ஏறணும். ஞாயிறு ராத்திரி தூங்கிட்டு திங்கக்கிழமை விடிய கெளம்பு, மொதலாளிகிட்ட இன்னொரு தடவ மூஞ்ச பாரு.

மலை எறங்குறப்ப ஆட்டோ கியர டி-லயே விட்டுட்டு பிரேக்க மிதிச்சிக்கிட்டே போகாத. லீவர எல்-க்கோ எஸ்-க்கோ மாத்து, எஞ்சினே இழுத்துப் பிடிக்கும். தீஞ்ச வாடை வந்தா ஓரமா நிப்பாட்டி ஆற விடு, சூட்டுல தண்ணி ஊத்தாத. டயர் காத்த வெள்ளிக்கிழமையே பாத்துரு, ஸ்பெயார் வீலுக்கும் சேத்து. 1990 அம்புலன்ஸ், 119 பொலிஸ், 117 மண்சரிவு வெள்ளத்துக்கு, மூனையும் வீட்டுக்காரி போன்ல போட்டு வை.

டிக்கோயாக்காரன்:

போயிட்டு வந்துட்டோம். சொன்ன நேரத்துக்கு ஒன்னேகால் மணித்தியாலம் பிந்தி நாலேகாலுக்குத்தான் போயி சேந்தோம். அக்குறணையில மட்டும் முக்கா மணித்தியாலம் வண்டி நகரல. சின்னவ டொஃபிய சப்பிக்கிட்டே வந்து ஒரே ஒரு தடவதான் எடுத்தா, அதுவும் பேக்குல.

லொறி அண்ணே, நீங்க சொன்ன மாதிரியேதான். மலை எறங்குன வரைக்கும் ஒன்னுமில்ல, மிஹிந்தலை தாண்டி பதினோரு மணிக்கு மேல, நல்ல பகல், எனக்கு முன்னுக்கு போன பஸ்ஸோட நம்பர திரும்பத் திரும்ப வாசிக்கிறேன், மனசுல நிக்கவே மாட்டேங்குது. அம்மா பின்னால இருந்து ஏன்டா பேசாம வர்றன்னுச்சி. ஒரு கடை ஓரமா மர நெழலுல நிப்பாட்டி பிளேன்டீய குடிச்சிட்டு சாஞ்சவன்தான், அலாரம் அடிச்சது கேக்கல, பெரியவன் மூக்கப் பிடிச்சித்தான் எழுப்புனான். பொறகு வவுனியா வரைக்கும் கண்ணு கண்ணாடி மாதிரி.

திரும்புனது திங்கக்கிழமை விடிய. மொதலாளி இன்னும் சரியா பேசல, பேசுவாரு. முறிகண்டியில அம்மா போகவும் தேங்கா அடிச்சி வரவும் தேங்கா அடிச்சி கடலை அஞ்சு பேக்கட்டு வாங்குனாங்க, வன்னி தம்பி, உங்க ஊர்ல அது கச்சான். தோட்டத்துல பக்கத்து வீட்டுக்கெல்லாம் குடுக்கன்னு வாங்குனது மாங்குளத்துலயே ஒடைச்சி மதவாச்சிக்குள்ள தீந்து போச்சி, சீட்டுக்கு அடியில தொலிய இன்னும் கூட்டிக்கிட்டு இருக்கேன்.