அமைதியில் கேட்கிறது, கூட்டத்தில் புரியவில்லை: அப்பாவுக்கு அடுத்து எந்தச் சோதனை?

அப்பாவுக்கு 74 வயது. சில வருஷங்களாகக் காது மெல்ல மந்தமாகி வருகிறது. அமைதியான அறையில் முகம் பார்த்துப் பேசினால் சிரமமில்லை. நாலு பேர் சேர்ந்து பேசினாலோ டிவி ஓடினாலோ, "சத்தம் கேக்குது, என்ன சொல்றீங்கன்னு புரியல" என்கிறார். குழந்தைகள் பேச்சு இன்னும் கஷ்டம். காதில் இரைச்சல், தலைசுற்றல் எதுவும் இல்லை.

காது மருத்துவர் குறும்பியை எடுத்துவிட்டார், செவிப்பறை நன்றாக இருக்கிறது. போன மாதம் எடுத்த ஆடியோகிராமில் (எந்தச் சுருதியில் எவ்வளவு சத்தம் வைத்தால் கேட்கிறது என்று காட்டும் சோதனை; டெசிபல் கூடினால் குறைபாடும் கூடுதல்) இரண்டு காதும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான்: 1000 ஹெர்ட்ஸ் வரை 25 டெசிபல், 2000இல் 40, 4000இல் 60, 8000இல் 75. காதுக்குப் பின்னால் உள்ள எலும்பு வழியாக ஒலியைச் செலுத்திச் சோதித்தபோதும் 4000 வரை அதே அளவுகள் வந்ததால், வயதால் வரும் உள்காதுக் குறைபாடு என்றார்கள். சொற்களைத் திருப்பிச் சொல்லும் சோதனையில் 88 சதவீதம்.

சரி என்று இரண்டு காதுக்கும் கேட்கும் கருவி பொருத்தினோம். வீட்டில் பலன் தெரிகிறது. கூட்டத்தில் பழைய நிலைமைதான். கருவியின் அமைப்புகளை மாற்றியும், காதுக்குள் போகும் முனையை மாற்றியும் பார்த்தாயிற்று. இப்போது விசேஷங்களுக்கே வர மறுக்கிறார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இதுவரை நடந்த சோதனை எல்லாம் சத்தம் புகாத அறையில். அவர் திணறுவதோ சத்தத்துக்கு நடுவில். இரைச்சலுக்கிடையே பேச்சு எவ்வளவு புரிகிறது என்று அளக்கும் சோதனை ஒன்று உண்டு. கருவி போட்டிருக்கும்போது காதுக்குள் மெல்லிய மைக் குழாய் வைத்து, செவிப்பறை அருகே ஒலி எவ்வளவு சேருகிறது என்று அளப்பது இன்னொன்று. அப்பாவுக்கு இரண்டுமே செய்யவில்லை.

வேறு கருவி வாங்கச் சொல்கிறார்கள். அதற்கு முன் இந்த இரண்டில் எதை முதலில் செய்யச் சொல்லி ஆடியாலஜிஸ்ட்டிடம் (கேட்கும் திறனைச் சோதித்துக் கருவி பொருத்துபவர்) கேட்பது?