கறுத்தப் பேட்டுக்கோழியை மற்றதுகள் ஏற்கவில்லை. உங்கள் வளவில் இப்படி நடந்ததா?

மண்டூர்வளவு:
ஒன்பது ஊர்க்கோழியில் கறுத்தப் பேடு தலையைத் தூக்கினாலே மற்றதுகள் விலகும். காலில் ஆணி ஏறியதால் குசினிப் பக்கம் பெட்டியில் மூன்று கிழமை வைத்திருந்தேன். ஆறியதும் விட்டேன். பழைய நினைப்பில் நேரே போய்ச் சிரட்டைத் தவிட்டில் வாய் வைத்தது. எல்லாரிடமும் கொத்து வாங்கி, கடைசியாகத் தின்கிற மொட்டைக்கழுத்துப் பேடு பாய்ந்து வந்து கொண்டையில் ஒரே கொத்து! கறுத்தது திருப்பிக் கொத்தவேயில்லை. கழுத்தைத் தாழ்த்திக்கொண்டு வேலியோரம் போய் நின்றது. தவிட்டில் ஒரு சொட்டு இரத்தம். அன்றிரவு பூவரசின் மேல்கொப்பு அதற்கு இல்லை, உரலடியில் படுத்தது.

கல்லடிக்காரி:
மூன்று கிழமை என்றால் மறந்திருக்கும் அக்கா. அதுகள் தலையையும் கொண்டையையும் பார்த்துத்தான் ஆளை அறியும். வருத்தத்தில் கொண்டை வெளிறிச் சுருங்கியிருந்தால் முகமே வேறு. ஆனால் எங்கள் சாம்பல் பேடு அடையிலிருந்து கொண்டை செத்துப்போய்த்தான் எழும்பியது. ஏழு குஞ்சோடு வந்து பெரிய பேட்டையே கிணற்றடி வரை கலைத்தது. குஞ்சு வந்தால் பதவியும் வரும்.

அக்கரைப்பற்று லேயர்:
அது பதவி இல்லை, தாய்க்கோபம். குஞ்சு பிரிந்ததும் பாருங்கள், பழைய இடத்துக்கே போகும். யார் யாரைக் கொத்துவது என்கிற இந்தக் கொத்து வரிசையை 1921லேயே நோர்வேக்காரர் ஷெல்டெரப்-எப்பே எழுதிவிட்டார். என்னிடம் 300 லேயர், முட்டைக்கோழி நிற்கிறது. அத்தனைக்குள் யார் பெரியவர் என்று அதுகளுக்கே தெரியாது, அதனால் இந்த வழக்கும் குறைவு. சிறு கூட்டத்தில்தான் ஆளுக்கு ஆள் கணக்கு. அக்கா, முதலில் வலை கட்டி ஒரு கிழமை பக்கத்தில் பார்க்க விடுங்கள். மறுகா இருட்டியபின் கூட்டில் ஏற்றுங்கள். தனியே விடாமல் இன்னொன்றையும் சேர்த்து விட்டால் கொத்து பங்காகிப் போகும். தீன் இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள், ஒருத்தி எல்லாச் சிரட்டைக்கும் காவல் நிற்க முடியாது. இரத்தம் தெரிந்தால் உடனே பிரியுங்கள், சிவப்பைக் கண்டால் எல்லாம் சேர்ந்து கொத்தும். சேவல் இருக்கிறதா? இருந்தால் பேடுகளின் சண்டை கொஞ்சம் அடங்கும். இல்லையென்றால்...

கல்லடிக்காரி:
தம்பி, அக்கா வைத்தியம் கேட்கவில்லை. எங்கள் சாம்பலின் குஞ்சுகள் பிரிந்து இரண்டு மாதம். இன்னும் கிணற்றடி அதனுடையதுதான்.

மண்டூர்வளவு:
சேவல் இருக்கிறது தம்பி, எதிர்வீட்டு வளவில்தான் முழுநேரமும். வலையும் கட்டிப் பார்த்தாயிற்று. நான் சொல்ல வந்தது வேறு. உரலடியில் தனியாகத் தவிடு வைத்தும் கறுத்தது இரண்டு நாள் தொடவில்லை. மூன்றாம் நாள் கூடப் பொரித்த சிவலை வந்து பக்கத்தில் நின்று கொத்தத் தொடங்கியது. உடனே இதுவும் குனிந்தது. சிவலை நிறுத்தினால் இதுவும் நிறுத்தும். சிரட்டை வெறுமையாகும் வரை அப்படியே. மேல்கொப்பில் இன்றைக்கும் மொட்டைக்கழுத்துதான்.