சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவைக் காப்பாற்றியது யார்?

நடைப்பிரியன்: கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவை ஒட்டிய பெர்க்லி கரையோரப் பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது, இங்கே ஒரு காலத்தில் குப்பை கொட்டினார்கள் என்று நண்பர் சொன்னார். நிஜமா? அப்புறம் எப்படி மாறியது?

கரைவாசி: நிஜம்தான். குப்பையும் மண்ணும் போட்டு விரிகுடாவில் சுமார் 2,000 ஏக்கரைத் தூர்க்க பெர்க்லி நகராட்சி திட்டம் வைத்திருந்தது, அதைப் பார்த்துக் கொதித்துப்போய் கே கெர், சில்வியா மெக்லாக்லின், எஸ்தர் குலிக் என்ற மூன்று பெண்கள் 1961-ல் ஆரம்பித்ததுதான் 'சேவ் தி பே' (விரிகுடாவைக் காப்பாற்றுவோம்) இயக்கம். சந்தா ஒரே ஒரு டாலர்! ஆட்கள் குவிந்துவிட்டார்கள்.

மணல்திட்டு: கூட்டம் சேர்ந்தது சரி, சட்டம் வந்ததுதான் பெரிய விஷயம். 1965-ல் மெக்அட்டீர்-பெட்ரிஸ் சட்டப்படி, தூர்ப்பதைக் கட்டுப்படுத்தத் தனி ஆணையமே அமைந்தது. முதலில் தற்காலிகம், 1969-ல் நிரந்தரம்.

கரைவாசி: ஆமாம். ஆனால் பூங்கா வரத்தான் இன்னும் பல வருஷம் இழுத்தது. 2012-ல் அதற்கு மெக்லாக்லின் பெயரையே வைத்தார்கள், அப்போது அவர் உயிரோடுதான் இருந்தார்.