66 மஸ்டாங் கன்வெர்ட்டிபிள், வாங்கலாமா வேணாமா?

மக்களே ஒரு ஹெல்ப். மிச்சிகன்ல இருக்கேன், பக்கத்து தெருவுல ஒரு பெரியவர் தன்னோட 1966 ஃபோர்டு மஸ்டாங் கன்வெர்ட்டிபிளை (கூரைய மடக்கித் திறக்குற மாடல்) விக்கிறார், 32,000 டாலர் சொல்றார், பார்த்ததுலேர்ந்து எனக்கு தூக்கமே போச்சு. சிவப்பு பாடி, வெள்ளை டாப், சீட்டுல ஒரு கிழிசல் இல்ல, பனிக்கு உப்பு போட்ட ரோட்டுல இறக்குனதே இல்லையாம். பானட்டைத் தூக்கி வண்டியோட அடையாள நம்பரும் (VIN) பார்த்துட்டேன், 6எஃப்08சி-ன்னு ஆரம்பிக்குது, 08-னா ஃபேக்டரிலயே கன்வெர்ட்டிபிளா வந்தது, சி-னா 289 வி8 இன்ஜின், ரெண்டு பேரல் கார்புரேட்டர். அதனால யாரோ கூப்பேயோட (திறக்க முடியாத கூரை மாடல்) கூரைய அறுத்துட்டு ஏமாத்துற கதை இல்ல.

ஆனா டிரைவர் பக்கம் கார்பெட்டைத் தூக்கினேன், கீழ ஈரம். கேட்டா நேத்துதான் வண்டி கழுவினேங்கிறார். இந்த மாடல்ல விண்ட்ஷீல்டுக்கு முன்னாடி இருக்கிற கௌல்ங்கிற தகரப் பகுதி உள்ளயே துருப்பிடிச்சு தண்ணி காலடிக்கு இறங்கும், அதை சரி பண்ண ஏகப்பட்ட ஸ்பாட் வெல்டை பிரிக்கணும், பாக்கெட் காலி. போதாததுக்கு அடியில புதுசா கருப்பு கோட்டிங் வேற அடிச்சிருக்கு, எதை மறைக்கன்னு தெரியல. டாப்பை இறக்கிட்டு கதவைச் சாத்தினா பின்பக்கம் லேசா இடிக்கிற மாதிரியும் இருக்கு, பாடி நடுவுல தொய்ஞ்சிருக்குமோ?

அடியில பாடிக்கு பலம் குடுக்கிற டார்க் (torque) பாக்ஸ், கதவுக்குக் கீழ ஓடுற ராக்கர் பேனல் எல்லாம் எப்படி செக் பண்றது? கௌல் வென்ட்ல தண்ணி ஊத்திப் பாக்கணும்னு கேட்டா தப்பா எடுத்துப்பாரா? டெட்ராய்ட் பக்கம் பழைய வண்டி பாக்கத் தெரிஞ்ச மெக்கானிக் யாராச்சும் இருந்தா சொல்லுங்கப்பா, சனிக்கிழமைக்குள்ள பதில் சொல்றேன்னு வாக்கு குடுத்துட்டேன், வீட்டுல இன்னும் வாயத் திறக்கல.