ஆற்றங்கரை வீடு: ஞாயிற்றுக்கிழமை லிங்க்குகள்

ஞாயிறு, காலை 7.10

நான்: எல்லோருக்கும் காலை வணக்கம். இந்த வாரம் வேலைக்கு நடுவே படித்ததில் ஐந்து லிங்க் எடுத்து வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றாகப் போடுகிறேன். கடைசி லிங்க் பெரியப்பாவுக்கு. அவர் பார்க்காமல் இருந்துவிடக் கூடாது.

அம்மா: காபி குடித்தாயா?

நான்: ஆயிற்று அம்மா.

நான்: முதல் லிங்க். 500 மைலுக்கு மேல் போகாத மின்னஞ்சலின் கதை. அமெரிக்காவில் வட கரோலினாவில் ஒரு பல்கலைக்கழகம். அங்கே மெயில் சர்வரைப் பார்த்துக்கொண்டவர் 2002-இல் எழுதியது. புள்ளியியல் துறைத் தலைவர் அவரைக் கூப்பிட்டு, "எங்கள் துறையிலிருந்து 500 மைலுக்கு அப்பால் மெயில் போகவில்லை" என்று சொல்லியிருக்கிறார்.

அண்ணன்: மெயிலுக்கு ஏது மைல் கணக்கு? பக்கத்துத் தெருவானாலும் அமெரிக்காவானாலும் ஒன்றுதானே?

நான்: அவரும் அப்படித்தான் நினைத்தார் அண்ணா. ஆனால் சோதித்துப் பார்த்தால் நியூயார்க்குக்கு 420 மைல், போகிறது. பிராவிடன்ஸுக்கு 580 மைல், போகவில்லை. பிரின்ஸ்டனுக்குப் போகிறது, மெம்பிஸுக்குப் போகவில்லை.

அண்ணன்: அட! காரணம் என்ன?

நான்: யாரோ சர்வரைப் புதுப்பிக்கும்போது மெயில் மென்பொருள் மட்டும் பழைய பதிப்புக்கு மாறிவிட்டது. புதிய அமைப்புக் கோப்பில் இருந்த வரிகள் பழையதற்குப் புரியவில்லை. புரியாததையெல்லாம் சுழியம் என்று எடுத்துக்கொண்டது. எதிர்முனை சர்வர் பதில் சொல்லும்வரை எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்ற எண்ணும் அதில் ஒன்று. அதனால் சுமார் 3 மில்லிவினாடியிலேயே "பதில் இல்லை" என்று கைவிட்டுவிடுகிறது. எந்தச் செய்தியும் ஒளியை விட வேகமாகப் போக முடியாது. ஒளி 3 மில்லிவினாடியில் போகும் தூரம் சுமார் 900 கிலோமீட்டர். மைலில் 558. அவர் சொன்ன 500 சரியாகத்தான் இருந்தது.

நான்: எனக்குப் பிடித்தது அந்தத் துறைத் தலைவரைத்தான். கோளாறு தெரிந்தவுடன் போன் செய்யவில்லை. சில நாள் விவரம் சேர்த்து, எந்த ஊருக்குப் போகிறது, எந்த ஊருக்குப் போகவில்லை என்று குறித்துக்கொண்ட பிறகுதான் கூப்பிட்டார். நம்ப முடியாத புகாராக இருந்தாலும் அதில் ஓர் எண் இருந்தால் நான் உட்கார்ந்து கேட்பேன். என் வேலையில் பாதி அதுதான்.

சித்தி: இது நன்றாக இருக்கிறது.

காலை 7.45

நான்: இரண்டாவது. நிலவுக்குப் போன அப்பல்லோ 11-இன் கணினிக் கட்டளைகள். 1969 ஜூலை 20 அன்று நிலவில் இறங்கிய அதே நிரல். தாளில் அச்சடித்து வைத்திருந்ததை ஸ்கேன் செய்து, ஆர்வமுள்ளவர்கள் வரி வரியாகத் தட்டச்சு செய்தார்கள். 2016-இல் ஒருவர் அதைக் கிட்ஹப் என்ற நிரல் பகிரும் தளத்தில் ஏற்றினார். இப்போது யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம்.

அண்ணன் மகள்: அத்தை, நான் திறந்து பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை. ஆனால் நடுவில் குறிப்பு மாதிரி ஏதோ எழுதியிருக்கிறார்கள்.

நான்: அந்தக் குறிப்புகளுக்காகத்தான் அனுப்பினேன் குட்டி. இறங்கும் வழியைக் கணக்கிடும் கோப்பில் ஓரிடத்தில், "தற்காலிகம், அப்படித்தான் நம்புகிறேன், நம்புகிறேன், நம்புகிறேன்" என்ற பொருளில் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். நானும் என் நிரலில் 'இப்போதைக்கு' என்று எழுதியிருக்கிறேன். நிலவில் இறங்கிய நிரலிலும் அதே கவலையைப் பார்த்தபோது அந்த மனிதர் பக்கத்து நாற்காலியில் இருப்பது போல இருந்தது.

நான்: மதினிக்கு ஒரு செய்தி இதில் இருக்கிறது. அந்தக் கணினியின் நிரந்தர நினைவகத்தைக் கையால் பின்னினார்கள். சின்னச் சின்னக் காந்த வளையங்கள். செம்புக் கம்பி வளையத்துக்குள்ளே போனால் 1, வெளியே சுற்றிப் போனால் 0. ரேதியான் என்ற நிறுவனத்தின் ஆலையில் பெண்கள் ஊசி பிடித்துக் கோத்தார்கள்.

மதினி: ஊசியாலா? தப்பினால்?

நான்: பிரித்துத்தான் மறுபடி கோக்க வேண்டும். அதனால் பறக்கும் நாளுக்குப் பல மாதம் முன்பே நிரலை முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

மதினி: பத்தமடையில் எங்கள் ஆச்சி பாய் பின்னும்போது இப்படித்தான். ஒரு கோரை இடம் மாறினால் பூ வேலை கோணிவிடும். நாலு விரல் கடை பின்னிய பிறகு கண்ணில் பட்டாலும் அதுவரைக்கும் பிரிப்பாள். அந்தப் பெண்கள் பெயர் எங்காவது இருக்கிறதா?

நான்: நான் படித்தவற்றில் படங்கள்தான் கிடைத்தன மதினி. பெயர்களையும் தேடுகிறேன்.

காலை 8.20

நான்: மூன்றாவது சித்திக்கு. நீங்கள் 1977 தானே?

சித்தி: ஆமாம், ஆவணி.

நான்: அதே 1977, செப்டம்பர் 5 அன்று கிளம்பிய வாயேஜர் 1 விண்கலம். இப்போது மனிதன் செய்த பொருள்களிலேயே மிகத் தொலைவில் இருப்பது அதுதான். 2023 நவம்பரில் பொருளில்லாத எண்களை அனுப்பத் தொடங்கியது. பார்த்தால் நினைவகத்தில் ஒரு சில்லு (சிப்) கெட்டிருக்கிறது. சில்லை மாற்ற ஆள் போக முடியாது. அதில் இருந்த நிரலைத் துண்டு துண்டாகப் பிரித்து, வேறு வேறு மூலைகளில் காலி இடம் பார்த்து வைத்து, ஒன்றை ஒன்று கண்டுபிடிக்கும்படி முகவரிகளைத் திருத்தி அனுப்பினார்கள். அப்போது செய்தி போய்ச் சேர இருபத்திரண்டரை மணி நேரம், பதில் வர இன்னொரு இருபத்திரண்டரை மணி நேரம். 2024 ஏப்ரலில் ஒழுங்காகப் பேசத் தொடங்கிவிட்டது.

சித்தி: என் வயசுதானா அதற்கும்! இன்னும் வேலை பார்க்கிறது. சந்தோஷமாக இருக்கிறது.

நான்: எந்த ஆண்டெனா இந்த நிமிடம் எந்த விண்கலத்தோடு பேசுகிறது என்று காட்டும் நாசாவின் பக்கத்தையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். கோல்ட்ஸ்டோன், மாட்ரிட், கான்பெரா, மூன்று இடத்திலும் தட்டுகள் இருக்கின்றன. நான் வேலை பார்க்கும்போது ஓரமாகத் திறந்தே வைத்திருப்பேன்.

நான்: நான்காவது குட்டிக்கு. நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்துக்கொள். நான்கும் ஒரே இலக்கமாக இருக்கக் கூடாது. பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கு, அப்புறம் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கு, கழி. வரும் விடைக்கும் அதையே செய். ஏழு தடவைக்குள் ஓர் எண் வந்து நிற்கும். எது என்று சொல்.

அண்ணன் மகள்: நான் பிறந்த 2013 எடுத்தேன். 3210 − 0123 = 3087. அப்புறம் 8730 − 0378 = 8352. அப்புறம் 8532 − 2358 = 6174. அதற்கு மேல் 7641 − 1467, மறுபடியும் 6174!

அண்ணன் மகள்: பெரிய தாத்தாவின் 1951-க்கு இரண்டே தடவைதான். 9511 − 1159 = 8352. உடனே 6174.

நான்: இதைக் கண்டுபிடித்தவர் கப்ரேக்கர். மகாராஷ்டிரத்தில் நாசிக் பக்கம் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியர். 1949-இல் அவர் சொன்னது, இன்று உலகம் முழுக்க இந்த எண் அவர் பெயரில்தான் இருக்கிறது. ஒரு தாளும் பென்சிலும் போதும் என்பதால் எனக்கு இது மிகவும் பிடிக்கும்.

காலை 9.05

நான்: பெரியப்பா, இப்போது உங்களுக்கு. யூனிகோடு என்று ஒன்று இருக்கிறது. உலகத்தில் எல்லா எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்கும் பட்டியல். அதில் இல்லாத எழுத்தை போனில் அடிக்க முடியாது, தேட முடியாது. இன்றைக்கு அனுப்பியிருப்பது அதில் தமிழ் இருக்கும் பக்கம். இவற்றைப் பாருங்கள்:
௳ ௴ ௵ ௶ ௷ ௸ ௹ ௺

பெரியப்பா: இது எல்லாம் போனில் வருகிறதா! நாள், மாதம், வருடம், பற்று, வரவு, மேற்படி, ரூபாய், இலக்கம். ௸ போடாத நாள் கிடையாது அம்மா எனக்கு. பத்திரத்தில் ஒரே கிராமத்தின் பெயரை இருபது தடவை யார் எழுதுவது? ௸ கிராமம், ௸ சர்வே எண் என்று போய்க்கொண்டே இருப்போம்.

நான்: இந்த எட்டும் 2003-இல் சேர்ந்தவை. அப்புறம் 2019-இல் தமிழுக்கு இன்னொரு தொகுதியே தனியாகத் திறந்தார்கள். 51 குறிகள். முந்திரி, காணி, மா, கால், அரை என்ற பின்னங்கள் எல்லாம் இருக்கின்றன. நெல்லுக்கு ஒரு குறி, பழைய அளவைகளில் உழக்குக்கு ஒன்று, குறுணிக்கு ஒன்று, பதக்குக்கு ஒன்று. பணம், பொன், வராகன் என்ற பழைய நாணயங்கள் வரைக்கும் உண்டு. பல போன்களில் எழுத்துரு இல்லாததால் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். அதனால் படமாக அனுப்பியிருக்கிறேன்.

பெரியப்பா: முந்திரி என்றால் 320-இல் ஒரு பங்கு. காணி 80-இல் ஒன்று. மா 20-இல் ஒன்று. வாய்ப்பாடாகச் சொல்லி அடி வாங்கியவர் எங்கள் அப்பா. எங்கள் காலத்தில் அது பள்ளியில் இல்லை. அவர் சொல்லக் கேட்டதுதான்.

பெரியப்பா: அப்பாவின் கணக்கு நோட்டு மச்சில் டிரங்குப் பெட்டியில் இருக்க வேண்டும். நீ அனுப்பிய படத்தில் இருக்கிற மாதிரிக் குறிகளை அதில் பார்த்த ஞாபகம்.

நான்: பெரியப்பா! இத்தனை நாள் சொல்லவே இல்லையே. அண்ணா, தயவுசெய்து இன்றைக்கே ஏறி எடுங்கள்.

அண்ணன்: ஏணியை எடுத்துவிட்டேன்.

காலை 10.30

அண்ணன் மகள்: [படம்]

அண்ணன் மகள்: ஐந்து நோட்டு இருக்கிறது அத்தை. ஓரத்தை இராமபாணப் பூச்சி அரித்திருக்கிறது. மேலே இருந்ததில் முதல் பக்கம் இது. எனக்குப் புரிந்தவரை அடித்திருக்கிறேன், சில குறிகளை நீ அனுப்பியதிலிருந்து எடுத்து ஒட்டினேன்:
௲௱௨௰௩௵ பங்குனி௴ ௰௨௳
நெல் கோட்டை ௩ ௷
௸ வண்டிக் கூலி ௹ உவ ௶

நான்: முதல் வரி 1123-ஆம் வருடம், பங்குனி மாதம், 12-ஆம் நாள். ஆனால் 1123 எப்படி?

பெரியப்பா: அது கொல்லம் ஆண்டு, மலையாளக் கணக்கு. நம் பக்கம் அப்போதெல்லாம் அதுதான் எழுதுவார்கள். பங்குனிக்கு 825 கூட்டிக்கொள்.

அண்ணன் மகள்: 1948!

நான்: 1948 மார்ச் கடைசி வாரம். பிசானப் பருவ நெல் அறுப்பு. நெல் மூன்று கோட்டை (பழைய அளவு) வரவு. அதற்கு வண்டிக் கூலி பற்று. ஆனால் 'உவ' என்று ஒரு சொல் எனக்குத் தெரியவில்லை. ஆள் பெயரின் சுருக்கமா?

அம்மா: உவரி என்று ஊர் இருக்கிறதே, அதுவா?

பெரியப்பா: இருங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன்.

பெரியப்பா: எட்டேகால் லட்சணமே!

அண்ணன் மகள்: என்ன தாத்தா?

பெரியப்பா: ஔவையார் பாடியதாகச் சொல்லும் தனிப்பாடல் அம்மா. எட்டுக்குத் தமிழ் எண் 'அ' மாதிரி இருக்கும். காலுக்குக் குறி 'வ'. எட்டேகால் என்றால் 'அவ'. எட்டேகால் லட்சணம், அவலட்சணம்! எங்கள் தமிழ் வாத்தியார் கரும்பலகையில் எழுதிக் காட்டினார். ௨ என்பது 'உ' மாதிரிதானே இருக்கிறது. பாப்பா 'உவ' என்று படித்தது ௨, கால். இரண்டேகால் ரூபாய். வண்டிக்கு இரண்டு ரூபாய் நாலணா கொடுத்திருக்கிறார் அப்பா.

நான்: பெரியப்பா, நான் அந்தக் காலுக்கு யூனிகோடில் என்ன எண் என்று மட்டும்தான் பார்த்து வைத்திருந்தேன். அந்தப் பாட்டை இதோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவே இல்லை. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து படித்தால்தான் இந்த நோட்டுகள் திறக்கும்.

அண்ணன்: அடுத்த வரியில் கடப்பாறைக் கூர் தட்டியதற்கு அரை ரூபாய் என்று இருக்கிறது. அந்தக் கடப்பாறை இன்றும் தொழுவத்தில் கிடக்கிறது என்று அப்பா சொல்கிறார்.

நான்: அண்ணா, ஒரு உதவி. ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, பிளாஷ் போடாமல், நேர் மேலிருந்து ஒவ்வொரு பக்கமாக எடுங்கள். இங்கே படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும், மெல்லிய கோடு போய்விடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள். வெற்றுப் பக்கத்தையும் எடுங்கள், பக்க வரிசை முக்கியம். தாளை வெயிலில் மட்டும் காய வைக்காதீர்கள்.

மதினி: பெட்டியில் வேப்பிலை போடவா?

நான்: இலை ஈரம் தாளுக்கு ஆகாது மதினி. நோட்டுகளைச் சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி, காற்றோட்டமான அலமாரியில் வையுங்கள்.

நான்: இரவு நான் ஒரு விரிதாள் தொடங்குகிறேன். ஒரு பக்கம் படம், பக்கத்தில் அதே குறிகளோடு வரி, அதற்குப் பக்கத்தில் இன்றைய தமிழ். தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்ற 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் உலகமெங்கும் இருந்த தமிழர்கள் இப்படித்தான் ஆளுக்கொரு நூலாகத் தட்டச்சு செய்து கொடுத்தார்கள். நமக்கு ஐந்து நோட்டுதான். நான் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்.

சித்தி: எனக்கு ஒன்று.

அண்ணன் மகள்: எனக்கும் பெரிய தாத்தாவுக்கும் சேர்த்து இரண்டு.

பெரியப்பா: அப்பா எழுத்து சாய்ந்திருக்கும், ளகரமும் எகரமும் ஒன்று போலத் தெரியும். சந்தேகம் வந்தால் ஊகித்து எழுதாதீர்கள், என்னைக் கேளுங்கள். பாப்பா, சாப்பிட்டுவிட்டு அந்தச் சிவப்பு அட்டை நோட்டை எடுத்துக்கொண்டு வா. பூதக்கண்ணாடி என்னிடம் இருக்கிறது.